மண்ணகம் அறிய வழிகண்ட இராலே பிரபு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

வானம் ஏன் நீலமாகத் தோன்றுகிறது என்னும் பாடம் நடக்கும்போதெல்லாம் இராலே என்னும் பெயரை நாம் வகுப்பறையில் கேட்கிறோம். வானத்தை ஆராய்ந்த அதே பேரறிஞர் மண்ணையும் ஆராய்ந்தார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. சேலம், நாமக்கல் சமவெளியில் கிணறு வெட்டுவோருக்கும் வீடு கட்டுவோருக்கும் பயன்படத்தக்க உண்மை ஒன்றை அவர் 1885 ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டு வைத்துச் சென்றார். அப்பெரியாரின் வாழ்க்கையை இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

ஜான் வில்லியம் ஸ்டிரட் என்பது அவருடைய இயற்பெயர். இங்கிலாந்து நாட்டின் எசெக்ஸ் பகுதியில் 1842 நவம்பர் 12 ஆம் நாள் நிலக்கிழார் குடும்பம் ஒன்றில் பிறந்தார். வீட்டில் செல்வம் இருந்தது; உடலில் நலம் இல்லை. நோயினால் அவருடைய பள்ளிப் படிப்பு அடிக்கடி தடைப்பட்டது. எனினும் 1861 இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்து, 1865 இல் கணிதத் தேர்வில் முதல் மாணவராகத் தேறினார்.

1871 இல் ஈவ்லின் பால்ஃபர் அம்மையாரை மணந்தார். வானத்தின் நீலத்துக்கு விளக்கம் தந்ததும் அவ்வாண்டில்தான். மறு ஆண்டே கடுமையான வாதக் காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. உடல் தேறுவதற்காக எகிப்து சென்று நைல் நதியில் படகில் தங்கினார். மற்றவர்கள் ஓய்வெடுக்கும் அவ்விடத்திலும் அவர் ஓயவில்லை. ஒலியியல் பற்றிய தமது புகழ்பெற்ற நூலை அங்கேதான் எழுதத் தொடங்கினார். அது 1877, 1878 ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது.

1873 இல் தந்தையார் மறையவே, பிரபு பட்டமும் பெரும் பண்ணையும் அவரை வந்தடைந்தன. சில ஆண்டுகளில் பண்ணைப் பொறுப்பைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, டெர்லிங் என்னும் ஊரில் தம் வீட்டிலேயே அமைத்த ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். எளிய கருவிகளைக் கொண்டே நுட்பமான அளவீடுகளைச் செய்வது அவருடைய தனித்திறன்.

ஆசிரியப் பணி

மேக்ஸ்வெல் 1879 இல் காலமானபின், கேவண்டிஷ் ஆய்வகத்தின் பேராசிரியர் பொறுப்பை இராலே ஏற்று 1884 வரை பணியாற்றினார். மின்னியல் அலகுகளைத் துல்லியமாக வரையறுக்கும் பணி அங்கு நடந்தது. அவர் காலத்தில் அவ்வாய்வக வகுப்புகள் பெண்களுக்கும் திறந்துவிடப்பட்டன என்பதை நம் மாணவியர் மகிழ்வுடன் நினைவிற்கொள்ளலாம்.

மேற்பரப்பு அலைகள்

1885 இல் இராலே ஓர் ஆய்வுரையை வெளியிட்டார். திடப்பொருளுக்குள்ளே நெட்டலை, குறுக்கலை என இருவகை அலைகள் செல்லும் என்பது அன்றே தெரிந்த செய்தி. இவையன்றி, மேற்பரப்பை ஒட்டியே ஓடும் மூன்றாவது அலை ஒன்றும் உண்டு என அவர் கணிதத்தால் நிறுவினார். அது குறுக்கலையைவிடச் சற்றே மெதுவாகச் செல்லும். ஆழம் போகப் போக விரைவில் வலிமை குன்றும். அது பரப்பளவில் மட்டும் விரிவதால், தொலைதூரம் சென்றபின் மற்ற அலைகளைவிட மேலோங்கி நிற்கும். ஆகவே நிலநடுக்கத்தில் இதற்குப் பெரும் பங்கு இருக்கக்கூடும் என்றும் அவர் கருதினார். தொலைவில் நிகழ்ந்த நிலநடுக்கம் ஒன்றைக் கருவியொன்று முதன்முதலாகப் பதிவு செய்தது 1889 இல்தான். கண்ணால் காணாததை அவர் கணக்கால் கண்டார்!

நம் நாட்டில் 1897 ஜூன் 12 ஆம் நாள் அசாமில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனை ஆராய்ந்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஆர். டி. ஓல்டாம். தொலைதூரக் கருவிகளின் பதிவுகளில் இரு அலைகள் அடுத்தடுத்து வருவதையும், இறுதியில் பெரிய மேற்பரப்பு அலைகள் வருவதையும் அவர் 1900 இல் பிரித்துக் காட்டினார். இராலேயின் கணக்குக்கு இந்திய மண் சான்று கூறியது எனலாம்.

புகழும் மறைவும்

காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், வேதிப்பொருள்களிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிட மிகச் சிறிதளவு கனமாக இருந்தது. வேறொருவராயின் அளவீட்டுப் பிழை என்று விட்டிருப்பார். இராலே விடவில்லை. ராம்சேயுடன் இணைந்து ஆராய்ந்து 1894 இல் ஆர்கான் வாயுவைக் கண்டறிந்தார். இதற்காக 1904 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசுத் தொகையைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கே வழங்கிவிட்டார். 1908 முதல் அதன் வேந்தராகவும் விளங்கினார். 1919 ஜூன் 30 ஆம் நாள் தம் இல்லத்தில் இயற்கை எய்தினார்.

நம் மண்ணும் இராலேயும்

அவர் மறைந்தாலும் அவர் கண்ட அலை ஓடிக்கொண்டேயிருக்கிறது. சீரான திடப்பொருளில் எல்லா அலைநீளங்களும் ஒரே வேகத்தில் செல்லும். ஆனால் நம் நிலம் சீரானதன்று. மேலே செம்மண், அதன்கீழ்ச் சரளை, பிறகு சிதைந்த பாறை, அடியில் கெட்டிப் பாறை. குறுகிய அலைகள் மேல்மண்ணிலேயே செல்வதால் மெதுவாக நகர்கின்றன. நீண்ட அலைகள் ஆழத்திலுள்ள பாறையையும் தொடுவதால் விரைந்து செல்கின்றன. எந்த அலைநீளம் எந்த வேகத்தில் வந்தது என்று அளந்தால், எந்த ஆழத்தில் எவ்வளவு கெட்டியான நிலம் உள்ளது என்பது தோண்டாமலே விளங்கும்.

செய்முறையும் எளிதே. ஜியோபோன் என்னும் அதிர்வு உணரும் கருவிகள் பெரும்பாலும் 24 ஐ நேர்கோட்டில் ஊன்றி, ஒரு முனையில் இரும்புத் தகட்டின்மேல் சம்மட்டியால் அடிக்கிறார்கள். பதிவைக் கணிப்பொறி பகுத்துத் தருகிறது. 1999 இல் அமெரிக்காவின் கான்சாஸ் ஆய்வாளர்கள் இம்முறையை விரிவாக வெளியிட்டனர். சென்னை, பெங்களூர் நகரங்களின் நிலத்தன்மையும் இவ்வகையில் ஆராயப்பட்டுள்ளது.

நமக்கு இது ஏன் வேண்டும்? நாமக்கல்லில் மலையே ஒரே பாறையாக வெளியில் நிற்கிறது. சற்றுத் தொலைவிலேயே பாறை மண்ணுக்குள் மறைந்துவிடுகிறது. ஒரு காட்டில் பத்தடியில் பாறை. அடுத்த காட்டில் ஐம்பதடி தோண்டினாலும் மண்தான். இது தெரியாமல் நகையை அடகு வைத்துக் கிணறு வெட்டி, பாறையில் முட்டி நின்ற குடும்பங்கள் நம் ஊர்களில் எத்தனை! இம்முறை நீர் இருக்குமிடத்தை நேராகச் சொல்லாது. அதற்கு மின்தடை ஆய்வு முதலிய வழிகள் உள்ளன. ஆனால் நம் பகுதியில் நீர் தங்குவது சிதைந்த பாறையிலும் வெடிப்புகளிலுமே. அந்த அடுக்கின் கனத்தை அறிவது பாதி வெற்றியாகும்.

வீடு கட்டுவோருக்கும் இது தேவை. 1900 பிப்ரவரி 8 இல் கோயம்புத்தூர்ப் பகுதி நிலநடுக்கத்தைக் கண்டது. 2002 ஆம் ஆண்டின் நிலநடுக்க மண்டல வரைபடம் சேலத்தை மிதமான அபாயமுள்ள மூன்றாம் மண்டலத்தில் சேர்த்தது. இளகிய மண் அதிர்வைப் பெருக்கும். ஆகவே மாடி எழுப்புமுன் மண்ணை அறிதல் நலம்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! இராலே கணக்கிட்ட நாளில் அதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தால் விடை இருந்திராது. ஒரு நூற்றாண்டு கழிந்தபின் அது நிலத்தை அறியும் கருவியாயிற்று. நம்மில் பலர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். கிணற்று மேட்டிலிருந்து வந்தவர்கள். தேர்வுக்காக நாம் எழுதும் அலைச் சமன்பாடு நம் தந்தையரின் காட்டுக்கும் உரியது. அதை அவர்களிடம் கொண்டு சேர்ப்பதே அப்பெருமகனாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.