நவோதயா அப்பச்சன்

குட்டநாட்டுப் புளிங்குன்றில் பிறந்த புன்னூஸ் என்பவரே அப்பச்சன். கொச்சியை அடுத்த காக்கநாட்டில் நவோதயா படப்பிடிப்பகத்தை நிறுவியவர். இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படமான 'மை டியர் குட்டிச்சாத்தா'னை 1984இல் தயாரித்தார். இயக்கியவர் அவர் மகன் ஜிஜோ.

நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. அவ்விரு காட்சிகளையும் மூளை இணைக்கும்போது ஆழம் தோன்றுகிறது. திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் இரு படங்களைக் கண்ணுக்கு ஒன்றாகப் பிரித்துத் தருவதே கண்ணாடியின் பணி. சிவப்பு, நீலக் கண்ணாடிகள் நிறத்தால் பிரிக்கும். ஆனால் படத்தின் வண்ணங்கள் திரிந்துவிடும். எனவே ஒளி அதிரும் திசையைக் கொண்டு பிரிக்கும் கண்ணாடிகளே இப்படத்திற்குப் பயன்பட்டன.

படம் வெளியானபின் வேறொரு சோதனை வந்தது. ஒருவர் அணிந்த கண்ணாடியை மற்றவர் அணிந்தால் கண்நோய் பரவும் என்ற வதந்தி எழுந்தது. பெற்றோர் அஞ்சினால் சிறுவர் படத்திற்கு அரங்கேது? ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் கண்ணாடிகள் தூய்மை செய்யப்படுவதை, படத்தின் தொடக்கத்தில் நடிகர் பிரேம் நசீர் தோன்றி விளக்கினார். திருவனந்தபுரத்தை அடுத்த சிறயின்கீழ் அவர் ஊர். அவர் சொல்லுக்கு மலையாள மக்களிடம் மதிப்பு மிகுதி. கண்ணாடியைத் திருப்பித் தர மனமின்றி வெளிவந்த சிறுவர் எத்தனை பேரோ!

மலையாளத்தின் முதல் திரைப்படத்தைத் திருவனந்தபுரத்தில் திரையிட்ட ஜே.சி. டேனியலின் பெயரால் கேரள அரசு வழங்கும் விருது, 2010ஆம் ஆண்டுக்கு அப்பச்சனுக்குக் கிடைத்தது. 2012 ஏப்ரல் 23 அன்று அவர் மறைந்தார்.