கியூபெக் கேட்கும் கேள்வி, ராஜபாளையத்து முதல்வர் பார்த்த பதில்: யார் இந்தக் குமாரசாமி ராஜா?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பெரும்பாலானோர் பேசுவது பிரெஞ்சு. சுற்றியிருப்பதெல்லாம் ஆங்கிலம். தனி நாடாகப் போகலாமா என்று அங்கே இரண்டு முறை மக்களிடமே கேட்டுவிட்டார்கள். 1980-ல் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 1995-ல் வேண்டாம் என்றவர்கள் 50.58 சதவீதம்தான். நூலிழையில் தப்பியது கனடா. மூன்றாவது வாக்கெடுப்பு பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை.

மொழி வேறு என்றால் எல்லையும் வேறாக வேண்டுமா? நமக்கு இது பழைய கேள்வி. சென்னை மாகாணத்தில் அது உச்சத்துக்கு வந்தபோது முதல்வர் நாற்காலியில் இருந்தவர் ராஜபாளையத்துக்காரர் பி.எஸ்.குமாரசாமி ராஜா. பாடப்புத்தகத்தில் ஓமந்தூராருக்கும் ராஜாஜிக்கும் நடுவில் ஒற்றை வரியில் வந்துபோகும் பெயர். ஆனால் அவர் கதை ஒற்றை வரிக் கதை இல்லை.

தமிழ் ஊர், தெலுங்கு வீடு

1898 ஜூலை 8-ல் ராஜபாளையத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்ததால் பாட்டிதான் வளர்த்தார். ராஜபாளையம் ராஜுக்கள் பல தலைமுறைகளுக்கு முன்பு ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள். வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ். இதில் அவர்களுக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

அந்தப் பகுதியே அப்படித்தான். பக்கத்திலிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர், தமிழ் பாடிய ஆண்டாளின் ஊர். அதே ஆண்டாளின் கதையை 16-ம் நூற்றாண்டில் தெலுங்கில் காவியமாக எழுதினார் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர். அந்த ‘ஆமுக்தமால்யதா’ தெலுங்கு இலக்கியத்தின் பெரிய நூல்களில் ஒன்று. தமிழ், தெலுங்கு என்று நடுவில் கோடு போட முடியாத மண்ணில் பிறந்தவருக்குத்தான், பின்னாளில் கோடு போடும் வேலையே வந்து சேர்ந்தது.

காந்தியின் அழைப்பால் காங்கிரஸுக்கு வந்தார். தலைவர் சத்தியமூர்த்திக்கு நெருக்கமானார். 1946-ல் டி.பிரகாசம் அமைச்சரவையில் அமைச்சரானார். இந்தப் பிரகாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

1949: ஒரே வருடம், இரண்டு கோரிக்கைகள்

1949 ஏப்ரலில் குமாரசாமி ராஜா முதல்வரானார். அன்றைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாடு மட்டும் இல்லை. கடலோர ஆந்திரா, ராயலசீமா, மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்தது.

அந்த ஆண்டில் இரண்டு குரல்கள் எழுந்தன. தெலுங்கு பேசுவோர் இந்தியாவுக்குள்ளேயே ஆந்திர மாநிலம் கேட்டார்கள். இன்னொரு பக்கம், செப்டம்பர் 17-ல் சென்னையில் தொடங்கப்பட்ட திராவிட முன்னேற்றக் கழகம் திராவிட நாடு என்ற தனி நாட்டைக் கேட்டது. கியூபெக்கின் கேள்விக்கு நெருக்கமானது இந்த இரண்டாவதுதான். ஆனால் உடனடித் தலைவலி முதலாவது.

பாகம் பிரிப்பதில் எங்கே சிக்கல்?

நேரு, வல்லபபாய் படேல், பட்டாபி சீதாராமையா மூவரும் இருந்த காங்கிரஸ் குழு, சென்னை நகரத்தை விட்டுக்கொடுத்தால் ஆந்திரம் அமையலாம் என்று சொல்லியிருந்தது. அதன்பின் மாகாணத்தைப் பிரிப்பதற்கான குழு அமைக்கப்பட்டது. தலைவர் குமாரசாமி ராஜா. ஆந்திரத் தரப்பில் பிரகாசம், கோபால ரெட்டி, காளா வெங்கட ராவ், சஞ்சீவ ரெட்டி ஆகியோர் இடம்பெற்றார்கள்.

சொத்து, கடன், ஊழியர்கள், அலுவலகங்கள்… அண்ணன் தம்பி பாகம் பிரிப்பது மாதிரிதான். எல்லாவற்றையும் தாண்டி நின்றது ஒரே விஷயம்: சென்னை யாருக்கு? இரு மொழிக்காரர்களும் சேர்ந்து வளர்த்த ஊர் அது. சென்னை விஷயத்தில் பிரகாசம் ஒத்துப்போகவில்லை. தன் எதிர்ப்பைத் தனிக் குறிப்பாக எழுதிக் கொடுத்துவிட்டார். முன்னாள் முதல்வரும், அவரிடம் அமைச்சராக இருந்த இந்நாள் முதல்வரும் எதிரெதிர்ப் பக்கம். குழுவுக்குள் கருத்து ஒற்றுமை இல்லை என்பதைப் பார்த்த டெல்லி, கோப்பைக் கிடப்பில் போட்டது.

ராஜாவின் நிலையை யோசித்துப் பாருங்கள். தாய்மொழிப்படி அவர் ஆந்திரத் தலைவர்களின் பக்கம் நிற்க வேண்டியவர். ஊரின்படி தமிழ்நாட்டுக்காரர். பிரிந்துபோகும் மாநிலம் அவர் மொழியின் பெயரில் அமையும், ஆனால் அவர் ஊர் அதில் இருக்காது.

தாமதத்தின் விலை

1951 ஆகஸ்ட் 15-ல் சுவாமி சீதாராம் என்ற காந்தியவாதி ஆந்திரம் கேட்டு உண்ணாவிரதம் தொடங்கினார். 35 நாட்கள் கழித்து வினோபா பாவேயின் வேண்டுகோளை ஏற்று நிறுத்தினார். அப்போதும் அரசுகள் அசையவில்லை.

1952-ல் முதல் பொதுத்தேர்தல் வந்தது. 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152 மட்டுமே. ஆந்திரப் பகுதியில் பலத்த அடி. அமைச்சர்கள் பலரோடு குமாரசாமி ராஜாவும் தோற்றார். ராஜாஜி முதல்வரானார்.

அதே ஆண்டு அக்டோபர் 19-ல் பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதம் தொடங்கினார். டிசம்பர் 15 இரவு உயிர் பிரிந்தது. ஆந்திரப் பகுதியில் கலவரம் வெடித்தது. நான்கே நாட்களில் ஆந்திர மாநிலம் அமையும் என்று நேரு அறிவித்தார். 1953 அக்டோபர் 1-ல் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திரம் பிறந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்: சென்னை ஆந்திரத்துக்குப் போகவில்லை. 1949-ல் எந்த நிபந்தனையில் பேச்சு முறிந்ததோ, ஏறக்குறைய அதே நிபந்தனையில்தான் 1953-ல் மாநிலம் அமைந்தது. இடையில் போனது மூன்று ஆண்டுகளுக்கு மேல், ஒரு மனிதரின் உயிர், கலவரத்தில் இன்னும் பல உயிர்கள். இந்தப் பழியை ராஜா ஒருவர் தலையில் கட்ட முடியாது. ஆனால் அந்தக் குழுவின் தலைவர் என்ற முறையில் அவர் பெயரும் அந்தக் கணக்கில் வருகிறது.

ஒடிசாவிலும் விடாத கேள்வி

1954-ல் ஒடிசா ஆளுநராகப் போனார். ஒடிசாவே 1936-ல் மொழி அடிப்படையில் உருவான மாகாணம். மாநில மறுசீரமைப்பில் சராய்கேலா, கர்சவான் பகுதிகள் பிகாரிலேயே விடப்பட்டதும், 1956 தொடக்கத்தில் அங்கும் போராட்டம் வெடித்தது. எல்லைச் சண்டையை இரண்டாவது முறையாகப் பதவியில் இருந்தபடி பார்த்தார் ராஜா. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. அடுத்த மார்ச்சில், 58 வயதில் காலமானார். ராஜபாளையத்தில் அவர் தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார்.

கியூபெக்குக்கு இதில் என்ன?

மொழிக்கு மாநிலம் கிடைத்த பிறகு, தனி நாடு கோரிக்கையின் வேகம் இங்கே குறைந்தது. பிரிவினைப் பேச்சுக்குத் தடை போட்ட 1963-ன் அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு திமுக அதைக் கைவிட்டது. கியூபெக்கிடம் மாகாணம் ஏற்கெனவே இருக்கிறது. பிரெஞ்சுக்குச் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. இருந்தும் கேள்வி தீரவில்லை. ஆக, மாநிலம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

ஆனால் ஒன்று இரண்டு இடத்துக்கும் பொருந்தும். தெளிவான பெரும்பான்மை பிரிய விரும்பினால் பேச்சுவார்த்தை நடத்தியாக வேண்டும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 1998-ல் சொன்னது. அப்படி ஒரு நாள் வந்தால், ராஜா உட்கார்ந்த அதே மாதிரி மேசையில்தான் அவர்களும் உட்கார வேண்டும். கடன் யாருக்கு எவ்வளவு, ஆங்கிலம் பேசுவோர் லட்சக்கணக்கில் வாழும் மான்ட்ரியல் என்ன ஆகும், கோட்டுக்குத் தப்பான பக்கம் மாட்டிக்கொண்டவர்களுக்கு யார் பொறுப்பு? வாக்குச்சீட்டில் இந்தக் கேள்விகள் இருக்காது. ராஜபாளையத்தில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுபவர்கள் இன்றும் தமிழ்நாட்டுக்காரர்களாக நிம்மதியாக வாழ்கிறார்கள் என்பது, அந்தக் கடைசிக் கேள்விக்கு இங்கே ஓரளவு நல்ல பதில் கிடைத்ததற்கு அடையாளம்.