மூளையின் தூதைத் தேடியவர்

சென்ற ஆண்டு கிள்ளானில் என் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தொப்புள்கொடி இரத்தத்தைத் தைராய்டு பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாகக் கலங்கிப்போய் என்னை அழைத்தார். எல்லாக் குழந்தைகளுக்கும் செய்வதுதான் என்று தேற்றினேன். ஏன் தொப்புள்கொடி இரத்தம் என்று அக்கா கேட்டபோது விடை தெரியவில்லை. அன்றிரவு பிரிக்பீல்ட்ஸ் அறையில் தேடிப் படிக்கையில் அறிமுகமானவர் ஜெஃப்ரி ஹாரிஸ்.

1913இல் லண்டனில் பிறந்த ஹாரிஸ், கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றார். பிட்யூட்டரியே சுரப்பிகளின் தலைவன் என்று கருதப்பட்ட காலம் அது. அத்தலைவனை ஆள்வது மூளை என்றார் ஹாரிஸ். ஆனால், பிட்யூட்டரியின் முன்பகுதிக்கு மூளையிலிருந்து நரம்புகள் செல்வதில்லையே! இரண்டையும் இணைக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வழியே மூளை வேதிப்பொருளைத் தூதனுப்புகிறது என்பது அவர் விடை.

பலர் ஏற்கவில்லை. இணைப்புத் தண்டை வெட்டிய பின்னும் சில விலங்குகளில் பிட்யூட்டரி இயங்கியதே என்றனர். வெட்டுண்ட குழாய்கள் மீண்டும் வளர்ந்துவிடுவதை ஹாரிஸ் கண்டறிந்தார். இடையில் தடுப்பு வைத்தபோது இயக்கம் நின்றது. 1952இல் டோரா யாக்கப்சனுடன் சேர்ந்து, எலியின் பிட்யூட்டரியை அகற்றி, வேறொரு பிட்யூட்டரியை அக்குழாய்களின் அடியில் பொருத்தினார். அது வேலை செய்தது. மூளையின் வேறிடத்தில் பொருத்தியது செய்யவில்லை.

1969இல் கியோமன், ஷாலி ஆகியோரின் குழுக்கள் இலட்சக்கணக்கான ஆடு, பன்றி மூளைகளிலிருந்து அத்தூதுகளுள் ஒன்றைப் பிரித்து அதன் அமைப்பை அறிந்தன. மூன்றே அமினோ அமிலங்கள் கொண்டது அது. குளிர் தோலைத் தொட்டதும் மூளைத்தண்டு நரம்புகள் ஹைப்போதலாமஸில் நோரட்ரினலினைச் சுரக்கின்றன. உடனே இத்தூது புறப்பட்டுப் பிட்யூட்டரியை அடைகிறது. அது தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை வெளியிடுகிறது. டோபமினும் சொமட்டோஸ்டட்டினும் கடிவாளம் போடுகின்றன. எலிகளில் இது தெளிவாகத் தெரியும். வளர்ந்த மனிதரிடம் மாற்றம் மிகக் குறைவு. நம் விரிவுரை மண்டபக் குளிர்சாதனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை!

பிறந்த குழந்தையின் நிலை வேறு. கருவறைக் கதகதப்பிலிருந்து குளிருக்கு வந்த அரைமணி நேரத்தில் அந்த ஹார்மோன் பன்மடங்கு உயர்கிறது. அப்போது இரத்தம் எடுத்தால் நலமான குழந்தையும் நோயாளியாகத் தோன்றும். தொப்புள்கொடி இரத்தமோ அந்த எழுச்சிக்கு முந்தியது. குறைபாட்டை உடனே கண்டு மாத்திரை தொடங்கினால் அறிவு வளர்ச்சி குன்றாமல் காக்கலாம்.

1962 முதல் ஆக்ஸ்போர்டில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த ஹாரிஸ், 1971இல் 58 வயதில் மறைந்தார். 1977இல் கியோமனுக்கும் ஷாலிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மறைந்தவர்களுக்கு அப்பரிசு இல்லை.

அக்கா மகளின் முடிவு நலமாகவே வந்தது. ஹாரிஸின் கதையை அக்காவிடம் சொன்னேன். பரிசு பெறாத அந்த மனிதருக்கு, கிள்ளானில் ஒரு தாய் மனத்துக்குள் நன்றி சொன்னார்.