பருமலைத் திருமேனி

திண்டுக்கல்லினின்று புறப்பட்டுத் தேனி, குமுளி வழியே மலை கடந்து, கோட்டயத்திற்குத் தெற்கே பம்பையாற்றங்கரையிலுள்ள பருமலையை நாம் அடைந்தபோது, ஒரு துறவியின் கல்லறையைச் சூழ மக்கள் மௌனமாய் நிற்கக் கண்டோம். அவர்தம் சரித்திரத்தை நம் கல்லூரி அன்பர்க்குச் சுருங்க உரைத்தல் நன்றெனக் கருதினோம்.

மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையினர் பருமலைத் திருமேனி எனப் போற்றும் கீவர்கீஸ் மார் கிரிகோரியோஸ், 1848-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15-ஆம் நாள் கொச்சி நாட்டு முளந்துருத்தியிற் பிறந்தார். சிறு பருவத்திலேயே அன்னையை இழந்தார். தமக்கு மறைநூல் கற்பித்த உறவினராகிய குருவை வைசூரிநோய் கொண்டுபோயிற்று. அந்நோய் அவரையும் பற்றி, உயிரை மாத்திரம் விட்டகன்றது. 1865-இற் குருப்பட்டம் பெற்றார். ஆயினும் அவர் உள்ளம் தனிமையையே நாடிற்று. முளந்துருத்திக்கு அணித்தாயுள்ள வெட்டிக்கல் தயறா என்னும் துறவோர் மடத்திற்குச் சென்று, உபவாசத்திலும் ஜெபத்திலும் நாள்களைக் கழித்தார். 1872-இல் ரம்பான் என்னும் துறவுநிலை எய்தினார்.

அம்மடத்திலேயே அவர் வாழ்நாள் அமைதியாய் முடிந்திருக்கலாம். ஆனால், அக்காலத்துச் சபை பிளவுபட்டு வழக்கிலும் பகையிலும் உழன்றது. 1876-இல் அந்தியோக்கியாவின் பிதாப்பிதா வடபறவூரில் அவரை மேற்றிராணியாராக அபிஷேகம் செய்தபோது அவருக்கு வயது இருபத்தெட்டே. விரும்பிய தனிமையை விட்டு, விரும்பாத சுமையை அவர் ஏற்றார்.

பருமலையில் ஒரு சிறு குடிலில் தங்கி, இளைஞர்க்குக் குருத்துவக் கல்வி புகட்டினார். விடியுமுன் எழுந்து ஜெபிக்கும் மடத்து வழக்கத்தை அங்கும் கைவிட்டாரல்லர். குன்னங்குளம், முளந்துருத்தி முதலிய இடங்களில் வித்தியாசாலைகள் எழுந்தன. 1895-இல் பருமலை ஆலயம் பிரதிஷ்டை பெற்றது. அவ்வாண்டே எருசலேமுக்கு யாத்திரை சென்று மீண்டு, தாம் கண்டவற்றை மலையாளத்தில் நூலாக்கினார். அம்மொழியில் முதன்முதல் அச்சேறிய பயண நூல் அதுவே.

நோயால் மெலிந்த அவர், 1902-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், ஐம்பத்து நான்காம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 1947-இற் சபை அவரைப் புனிதரென அறிவித்தது.

நம் திண்டுக்கற் பாறை தனித்து நிற்பதாயினும், சமவெளியிற் செல்வோர்க்கெல்லாம் திசை காட்டுகின்றதன்றோ? தனிமையிற் பெற்றதைப் பிறர்க்கென ஈந்த இப்பெரியார் வாழ்வும் அத்தன்மைத்து. கல்லூரியென்னும் தனியிடத்தில் நாம் ஈட்டுவதும் நமக்கே உரியதன்று என்னும் உணர்வோடு அவ்வாற்றங்கரையினின்று மீண்டோம்.