ஹில்பர்ட் வளர்த்த கணித சபை

ஒரு தேசத்தின் கல்விச் செல்வத்தைக் கட்டிடங்களைக் கொண்டு அளப்பவர் பலர். அந்த அளவுகோல் எவ்வளவு பிழையானது என்பதை அறிய விரும்புவோர், ஜெர்மன் கணித மேதை டேவிட் ஹில்பர்ட்டின் வாழ்க்கையைப் படிப்பது நலம். கட்டிடம் அப்படியே நிற்க, அதனுள் வாழ்ந்த கல்வி சில மாதங்களில் வெளியேறியதைத் தம் முதுமையில் கண்டு வருந்த நேர்ந்தவர் அவர்.

1862-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி, கிழக்குப் பிரஷ்யாவில் கோனிக்ஸ்பெர்க் பிரதேசத்தில் அவர் பிறந்தார். ஹெர்மன் மின்கோவ்ஸ்கி, அடால்ப் ஹூர்விட்ஸ் என்னும் இரு நண்பர்களுடன் நாள்தோறும் உலாவிக்கொண்டே கணிதம் பேசியது, வகுப்பறைப் பாடங்களைக் காட்டிலும் அவருக்கு அதிகப் பயன் அளித்தது. 1895-ல் கோட்டிங்கன் சர்வகலாசாலையில் பேராசிரியரானார். 1900-ல் பாரிஸ் மகாநாட்டையொட்டி அவர் வகுத்தளித்த 23 பிரச்னைகள், அதன் பின் வந்த கணித நிபுணர்களுக்கெல்லாம் வேலை கொடுத்தன.

எனினும், அவருடைய பெருமையை நூல்களில் மட்டும் தேடுவது போதாது என்பதே நமது கருத்து. செமினார் என்று மேல்நாட்டார் கூறும் ஆராய்ச்சிச் சபையிலே அதைக் காணவேண்டும். சாதாரண வகுப்பிலே ஆசிரியர் தாம் அறிந்ததைச் சொல்கிறார், மாணாக்கர் எழுதிக்கொள்கின்றனர். ஆராய்ச்சிச் சபையிலோ, இன்னும் ஒருவரும் தீர்க்காத பிரச்னை நடுவில் வைக்கப்படுகிறது. மாணாக்கரே எழுந்து பேசுகின்றனர்; யாவரும் கேள்வி கேட்கின்றனர். ஹில்பர்ட் தமக்குப் புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல ஒருபோதும் நாணியதில்லை. தெளியும்வரை மீண்டும் மீண்டும் விளக்கச் சொல்வார்.

1905-ல் அவரும் மின்கோவ்ஸ்கியும் வேறிரு பேராசிரியர்களுடன் சேர்ந்து, எலெக்ட்ரானைப் பற்றி ஒரு சபை நடத்தினர். கணிதமும் பௌதிகமும் அங்கே கைகோத்தன. 1909-ல் மின்கோவ்ஸ்கி தமது 44-ம் வயதில் காலமானது ஹில்பர்ட்டுக்குப் பேரிடியாயிற்று. ஆயினும் பௌதிகத்தை அவர் கைவிடவில்லை. ஐம்பது வயதை எட்டிய பின், 1912-ல், புதிய பௌதிகத்தைத் தமக்குப் போதிப்பதற்கென்றே ஓர் இளைஞரை உதவியாளராக அமர்த்திக்கொண்டார். உலகப்புகழ் பெற்றவர் மீண்டும் மாணாக்கரானார்!

1915-ல் ஐன்ஸ்டீன் கோட்டிங்கனுக்கு வந்து, அப்போது முற்றுப்பெறாதிருந்த தமது ஆகர்ஷணக் கொள்கையை விளக்கினார். அதிலிருந்து எழுந்த சிக்கல்களை ஆராய ஹில்பர்ட் எம்மி நோதர் என்ற பெண்மணியின் துணையை நாடினார். பெண்ணுக்கு ஆசிரியப் பதவி கூடாதென்று சக பேராசிரியர் பலர் தடுத்தனர். ஹில்பர்ட் தம் பெயரால் வகுப்புகளை அறிவித்து, அவரையே பாடம் நடத்தச் செய்தார். 1918-ல் நோதர் வெளியிட்ட தேற்றம், சக்தி அழியாமை போன்ற நியதிகள் இயற்கையின் சமச்சீரிலிருந்தே பிறக்கின்றன என்று காட்டியது. இன்றளவும் பௌதிகத்தின் தூண்களில் அது ஒன்று. மறு ஆண்டுதான் அவருக்கு முறையான அநுமதி கிடைத்தது.

1929-ல் அச்சர்வகலாசாலையின் கணிதத் துறைக்குப் புதிய மாளிகை எழுந்தது. மறு ஆண்டு ஹில்பர்ட் ஓய்வு பெற்றார். 1933 ஏப்ரலில் ஹிட்லர் சர்க்கார் ஒரு சட்டம் செய்து, யூதர்களை உத்தியோகங்களிலிருந்து விலக்கத் தொடங்கிற்று. நோதர், மாக்ஸ் பார்ன், கூரான்ட் ஆகியோர் பதவி இழந்தனர். யூத வம்சத்து மனைவியைக் கொண்ட வைல் தாமே வெளியேறினார். சுவர் நின்றது, சபை கலைந்தது. 1943 பிப்ரவரி 14-ந் தேதி ஹில்பர்ட் மரணமடைந்தபோது, இறுதிச் சடங்குக்குப் பத்துப் பன்னிரண்டு பேரே வந்தனர். அவரிடம் முதன்முதலில் டாக்டர் பட்டம் பெற்ற ப்ளூமென்டால் மறு ஆண்டு நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமில் உயிர் நீத்தார்.

இக்கதையில் நம் தேசத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பதவி இழந்த பார்னை ஸர் ஸி. வி. ராமன் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்துக்கு அழைத்தார். 1935-36-ல் சுமார் ஆறு மாத காலம் அவர் அங்கே இருந்தார். நிரந்தரப் பதவி அளிக்க ராமன் செய்த முயற்சி பலிக்கவில்லை. பார்ன் எடின்பரோவுக்குச் சென்றார். பின்னர் 1954-ல் நோபல் பரிசும் பெற்றார். ஜெர்மனி துரத்திய செல்வத்தை வாயில்வரை வரவழைத்தும் நாம் இருத்திக்கொள்ளவில்லை.

நம் சர்வகலாசாலைகளில் மாளிகைகள் பெருகுவது குறித்து மகிழ்ச்சியே. ஆனால் அவற்றினுள்ளே மாணாக்கன் அஞ்சாது கேட்கவும், ஆசிரியர் வெட்கமின்றித் தெரியாது என்று சொல்லவும் இடமுண்டா? பிறப்பும் பாலும் பாராது அறிவுக்கு ஆசனம் தரப்படுகிறதா? இக்கேள்விகளுக்கு நேர்மையாக விடை காண்பதே ஹில்பர்ட்டுக்கு நாம் செலுத்தக்கூடிய உண்மையான மரியாதையாகும்.