காவலூர் கண்ட வைணு பாப்பு



தமிழ்நாட்டு வரைபடம் ஒன்றை எடுத்து, மாமல்லபுரத்தில் ஸ்கேலை வைத்து நேர் மேற்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு செங்கல்பட்டுக்குச் சற்றுத் தெற்கே போய், நம்ம வேடந்தாங்கல் ஏரிப் பக்கம் ஒட்டி, இன்னும் சுமார் 110 கிலோமீட்டர் ஓடி ஜவ்வாது மலையில் காவலூர் என்ற சின்ன ஊரைத் தொடும். வேடந்தாங்கல் ஏறக்குறைய 12.5 டிகிரி வட அட்சரேகை. காவலூரும் அதேதான். தீர்க்கரேகையில் வித்தியாசம் ஒரு டிகிரி. ஆகவே வேடந்தாங்கல் ஏரிக்கரையில் உச்சிக்கு வரும் எந்த நட்சத்திரமும் சுமார் நான்கு நிமிஷம் கழித்துக் காவலூரில் உச்சிக்கு வரும். வித்தியாசம் அவ்வளவுதான். வானம் ஒன்றே.

அந்தக் காவலூரை இந்தியாவிலேயே பெயர் பெற்ற வானாய்வகமாக ஆக்கியவர் டாக்டர் வைணு பாப்பு. பறவை பார்க்க வேடந்தாங்கல் போகும் நம் மாணவர்கள், இருட்டிய பிறகு ஒரு மணி நேரம் தலையை நிமிர்த்தியும் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் அவர் வரலாற்றை இங்கே எழுதுகிறேன்.

பாப்பு பிறந்தது சென்னையில், 1927-ம் ஆண்டு ஆகஸ்ட் 10-ம் தேதி. பூர்வீகம் வட மலபார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. தந்தை ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் உத்தியோகம் பார்த்தவர். மற்றப் பிள்ளைகள் அப்பாவின் ஆபீசில் பேனாவையும் காகிதத்தையும் பார்த்து வளர்ந்தபோது, இந்தப் பையன் டெலஸ்கோப்பைப் பார்த்து வளர்ந்தான். ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களை ராத்திரி ராத்திரியாகக் கவனித்து, இன்றைக்கு இவ்வளவு பிரகாசம், நேற்றைக்கு இவ்வளவு என்று குறித்து வைப்பது அவருடைய பொழுதுபோக்கு. யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, பரீட்சையில் மார்க்கும் கிடையாது. ஆனால் அந்தக் குறிப்புகளை மாணவப் பருவத்திலேயே கட்டுரையாக்கி அச்சிலும் கொண்டுவந்துவிட்டார். பட்டம் பிறகு வந்தது, பழக்கம் முதலில் வந்தது.

ஹைதராபாத் அரசின் உதவித்தொகை பெற்று, 1949-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தார். போய்ச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஜூலை 2-ம் தேதி எடுத்த ஒரு புகைப்படத் தட்டில் புதிதாக ஒரு வால் நட்சத்திரம் சிக்கியது. அந்தக் காலத்து வானப் படம் என்பது இன்றைய செல்போன் படம் மாதிரி இல்லை. ரசாயனம் பூசிய கண்ணாடித் தட்டை டெலஸ்கோப்பில் பொருத்தி, வானம் நகர நகரக் கருவியையும் கூடவே நகர்த்தி, வெகு நேரம் ஒளியைச் சேகரிக்க வேண்டும். பிறகு இருட்டறையில் கழுவி, பூதக் கண்ணாடி வைத்து அங்குலம் அங்குலமாகத் தேட வேண்டும். ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு நடுவே ஒரே ஒரு புள்ளி மட்டும் கொஞ்சம் கலங்கலாக இருப்பதைக் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும். பேராசிரியர் பார்ட் போக், சக மாணவர் கார்டன் நியூகிர்க் இருவர் பெயரும் சேர்ந்து, அது பாப்பு–போக்–நியூகிர்க் வால் நட்சத்திரம் ஆயிற்று. பசிபிக் வானியல் சங்கம் அவருக்கு டோனஹோ பதக்கம் அளித்தது. அப்போது அவருக்கு வயது 22-கூட நிரம்பவில்லை. நம் மூன்றாம் வருட, நான்காம் வருட மாணவர்களின் வயதுதான்!

1952-ல் டாக்டர் பட்டம். அடுத்து கார்னகி ஆய்வு உதவி பெற்று கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சன், பாலமார் வானாய்வகங்கள். அன்றைக்கு உலகிலேயே பெரிய 200 அங்குல டெலஸ்கோப் இருந்த இடம் பாலமார். அங்கே ஓலின் வில்சன் என்பவருடன் சேர்ந்து அவர் செய்த வேலை 1957-ல் வெளிவந்தது. விஷயம் இதுதான்: சூரியனைவிடக் குளிர்ந்த சில வகை நட்சத்திரங்களின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் கால்சியத்துக்கு உரிய ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டின் நடுவே பளிச்சென்று இருக்கும் பகுதி எவ்வளவு அகலமோ, நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசமும் அவ்வளவு அதிகம். உண்மைப் பிரகாசம் தெரிந்துவிட்டால், நம் கண்ணுக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடலாம். தெரு விளக்கு எத்தனை வாட் என்று தெரிந்தால் அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா, அதே கணக்கு. இன்றைக்கும் பாடப் புத்தகங்களில் இதற்கு வில்சன்–பாப்பு விளைவு என்றே பெயர்.

இவ்வளவு பெயர் எடுத்தவர் அங்கேயே இருந்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் நண்பர்கள் பலர் இந்த மலரைப் படிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அவரவர் சூழ்நிலை அவரவருக்கு. ஆனால் பாப்பு திரும்பி வந்தபோது இங்கே என்ன இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். நட்சத்திர ஆராய்ச்சிக்கு ஏற்ற நவீன டெலஸ்கோப் ஒன்றுகூட நாட்டில் இல்லை என்றே சொல்லலாம். 1954-ல் உத்தரப் பிரதேச அரசின் புதிய வானாய்வகத்தில் சேர்ந்தார். அது முதலில் இருந்தது காசியில். கங்கைச் சமவெளிப் புழுதியில் வானம் பார்க்க முடியாது என்று அதை நைனிடால் மலைக்கு நகர்த்தப் பாடுபட்டார்.

இந்தக் காலத்தில்தான் ஒரு பழைய ஆறே கால் அங்குல டெலஸ்கோப் அவர் கைக்கு வருகிறது. அதன் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. வங்காளத்தில் ஜெசோர் என்ற ஊரில் ராதாகோபிந்த சந்திரா என்று ஒருவர். கஜானாவில் குமாஸ்தா. மெட்ரிகுலேஷன்கூடத் தேறாதவர். சொந்தப் பணத்தில் வாங்கிய மூன்று அங்குல டெலஸ்கோப்பை வைத்து, வீட்டிலிருந்தே மாறும் நட்சத்திரங்களைக் கவனித்து அமெரிக்கச் சங்கத்துக்கு எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். அவருடைய குறிப்புகளின் சுத்தத்தைப் பார்த்து, 1926-ல் அந்தச் சங்கம் சார்லஸ் எல்மர் என்பவரின் டெலஸ்கோப்பைக் கடல் கடந்து அவருக்கு இரவலாக அனுப்பி வைத்தது. 1954 வரை அவர் அனுப்பிய கணக்கு 37,000-க்கும் மேல். கண் மங்கி வேலையை நிறுத்தியபோது அந்தக் கருவி பாப்புவிடம் சேர்ந்தது. பின்னாளில் காவலூருக்கே வந்துவிட்டது. ஒரு குமாஸ்தாவின் வீட்டு முற்றத்திலிருந்து நம் ஜவ்வாது மலை வரை! டெலஸ்கோப்பை அறைக்குள் பூட்டி வைத்தால் அது வெறும் பித்தளைக் குழாய்தான். கை மாறிக்கொண்டே இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்தார். வயது முப்பத்து மூன்று. கொடைக்கானலில் சூரியனைப் பார்க்க வசதி உண்டு. ஆனால் ராத்திரியில் மேகம். வேறு இடம் தேடினார். உயரமான மலைகள் வடக்கே நிறைய இருக்க, ஏன் தெற்கே தேட வேண்டும்? காரணம் அட்சரேகை. தெற்கே வர வர, தென் வானத்து நட்சத்திரங்கள் மேலே ஏறி வரும். நைனிடாலில் அகத்திய நட்சத்திரம் தொடுவானத்துக்கு மேல் சுமார் 8 டிகிரிதான் எழும். காவலூரில் 25 டிகிரி வரை ஏறும். தென்சிலுவை, ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து எல்லாம் இங்கே சௌகரியமாகத் தெரியும். இப்படித்தான் 725 மீட்டர் உயரத்தில், சந்தன மரக் காட்டுக்கு நடுவே இருந்த காவலூர் தேர்வாயிற்று.

முதல் டெலஸ்கோப் எங்கிருந்து வந்தது தெரியுமா? கொடைக்கானல் வானாய்வகத்தின் கொல்லைப்புறத்தில், கையிலிருந்த வசதியை வைத்து அவர்களே செய்த 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப். 1968-ல் அதை வைத்துத்தான் காவலூரில் வேலை ஆரம்பம். பணம் வரட்டும், வெளிநாட்டுக் கருவி வரட்டும் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. அதே சமயம் எல்லாவற்றையும் நாமே செய்தாக வேண்டும் என்ற பிடிவாதமும் அவருக்கு இல்லை. 1972-ல் ஒரு மீட்டர் டெலஸ்கோப்பை ஜெர்மனியின் ஜெய்ஸ் கம்பெனியிடமிருந்து வாங்கித்தான் நிறுவினார். எதை வாங்குவது, எதைச் செய்து கற்றுக்கொள்வது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர். பொறியாளர்களாகிய நமக்கு அவரிடம் முதல் பாடம் இதுதான்.

அந்த ஒரு மீட்டர் கருவி வந்த வருஷமே பலன் தந்தது. 1972-ல் வியாழனின் துணைக்கோள் கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதற்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்கு அடையாளம் கிடைத்தது. 1977 மார்ச் 10-ம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்க இருந்தது. காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரகம் மறைக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே நட்சத்திரம் சில விநாடி மங்கித் திரும்பியது. புதிய துணைக்கோளாக இருக்குமோ என்று முதலில் எழுதினார்கள். விமானத்தில் பறந்து பார்த்த அமெரிக்கக் குழுவின் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்ததில், அது யுரேனஸைச் சுற்றியுள்ள வளையங்கள் என்று தெளிவாயிற்று.

பாப்புவின் பெரிய கனவு 234 சென்டிமீட்டர் டெலஸ்கோப். இதை முழுக்க இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்வது என்று முடிவு. கண்ணாடிக் கட்டி மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து மெருகேற்றும் வேலை பெங்களூரில், 1971-ல் அவர் தலைமையில் தனி நிறுவனமான இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பட்டறையில் நடந்தது. இரண்டேகால் மீட்டருக்கும் அகலமான கண்ணாடி. அதன் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டரில் பல ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பிசகக்கூடாது. லேத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட கட்டுப்பாடு என்று நான் சொல்லத் தேவையில்லை.

பட்நாகர் பரிசு (1970), பத்ம பூஷண் (1981) எல்லாம் வந்தன. 1979-ல் உலக வானியல் ஒன்றியத்துக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1982 ஆகஸ்டில் ஒன்றியத்தின் பொது மாநாடு கிரீஸ் நாட்டில் கூடியது. தலைமை ஏற்க வேண்டியவர் இருதய சிகிச்சைக்காக மியூனிக் நகர மருத்துவமனையில் இருந்தார். ஆகஸ்ட் 19-ம் தேதி அங்கேயே காலமானார். வயது 55. கனவுக் கண்ணாடியில் ஒரு நட்சத்திரம் விழுந்ததைக்கூட அவர் பார்க்கவில்லை.

ஆனால் வேலை நிற்கவில்லை. அவரோடு கண்ணாடி தேய்த்தவர்களும் கணக்குப் போட்டவர்களும் முடித்துக் காட்டினார்கள். 1986 ஜனவரி 6-ம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி அந்த டெலஸ்கோப்புக்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். 2016-ல் தேவஸ்தலில் 3.6 மீட்டர் கருவி வரும்வரை நாட்டில் அதுவே பெரியது. 1988-ல் காவலூரில் ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த குறுங்கோள் ஒன்றுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் வைத்தார்கள். ஆள் போன பிறகும் வேலை நடக்கும்படி ஆட்களைத் தயார் செய்துவிட்டுப் போனவர் பாப்பு. அவர் செய்த கருவிகளிலேயே பெரியது இதுதான் என்பேன்.

கடைசியாகத் தம்பி தங்கைகளுக்கு. காவலூர் வானம் உங்களுக்கும் சொந்தம் என்று முதலிலேயே சொன்னேன். சரணாலயத்துக்குள் ராத்திரியில் விடமாட்டார்கள்; சுற்றியுள்ள கிராமங்களில் தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடியோ களத்துமேடோ போதும். சென்னை, செங்கல்பட்டு வெளிச்சம் வடக்கே நின்றுவிடும், தெற்கு கொஞ்சம் இருட்டாகவே இருக்கும். பிப்ரவரி மாதம் இரவு 9 மணிக்கு நேர் தெற்கே பாருங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி. தொடுவானத்திலிருந்து இரண்டரை முஷ்டி உயரத்தில் பளிச்சென்று நிற்பது அகத்தியர். ஏப்ரல் கடைசியில் இரவு 10 மணிக்கு அதே தெற்கில் ஒன்றரை, இரண்டு முஷ்டி உயரத்தில் தென்சிலுவை. செல்போனை ஒரு ஸ்டாண்டில் அசையாமல் வைத்து, பத்துப் பதினைந்து விநாடி ஒளி வாங்கினால் கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்களும் படத்தில் விழும். பாப்பு கண்ணாடித் தட்டில் பட்ட பாட்டை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை.

படம் எடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். தேதி, நேரம், இடம், மேகம் உண்டா இல்லையா என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு வருஷம் விடாமல் எழுதினால் அது பொழுதுபோக்கு என்ற நிலையைத் தாண்டிவிடும். பழைய மாணவர் சங்கம் கல்லூரிக்கு ஒரு நல்ல டெலஸ்கோப் வாங்கித் தர நினைத்தால் என் பங்கைத் தரத் தயாராக இருக்கிறேன். கூடவே ஒரு நிபந்தனை: கண்ணாடியை மாணவர்களே தேய்க்கட்டும். கல்லூரிக் கொல்லைப்புறத்தில் இடம் இருக்கிறது, ஒர்க்‌ஷாப்பும் இருக்கிறது. அடுத்த ஆண்டு கூடும்போது அதில் சனிக்கிழமை ராத்திரி எதைப் பார்க்கலாம் என்று நீங்கள் எங்களுக்குச் சொல்ல வேண்டும்.