கலப்பை செய்த ஆசிரியர்

புனேயிலிருந்து மீரஜ் செல்லும் இருப்புப்பாதையில் கிர்லோஸ்கர்வாடி என்றொரு நிலையம் உண்டு. சம்பள வேலையை உதறிச் சொந்தத் தொழில் தொடங்கப்போவதாக விடுதியில் இரவுதோறும் சூளுரைக்கும் நண்பர்களுக்கு, அந்தப் பெயருக்குரிய இலட்சுமணராவைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

1869இல் பெல்காம் பகுதியில் பிறந்தவர். ஓவியம் பயிலப் பம்பாய் சென்றார். நிறங்களைப் பிரித்தறிவதில் இருந்த கண் குறை தடுத்தது. இயந்திர வரைபடம் கற்று, விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியரானார். வேலையில் இருந்துகொண்டே மிதிவண்டிகள் வாங்கிப் பெல்காமிலிருந்த சகோதரருக்கு விற்பனைக்கு அனுப்பினார். நம்மவர் இதைக் கவனிக்க வேண்டும்: ஆற்றில் இறங்குமுன் ஆழம் பார்த்த மனிதர் அவர். தமக்குரிய பதவி உயர்வு ஓர் ஆங்கிலோ இந்தியருக்குப் போகவே, வேலையை விட்டு ஊர் திரும்பினார்.

அங்கே சிறு பட்டறையில் இரும்புக் கலப்பை செய்தார். இரும்பு பட்டால் மண் நஞ்சாகிவிடும் என்று உழவர் அஞ்சினர். முதற் கலப்பை விலைபோக இரண்டு ஆண்டுகள் சென்றன! மாதம் பிறந்தால் சம்பளம் வந்த கைக்கு அந்த இரண்டு ஆண்டுகள் எப்படிக் கழிந்திருக்கும் என்று எண்ணினால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

பிறகு நகராட்சி பட்டறை இருந்த இடத்தையே காலி செய்யச் சொன்னது. ஔந்து சமஸ்தான மன்னர் நிலமும் கடனும் தந்தார். கள்ளியும் பாம்பும் மண்டிய பொட்டல் அது. 1910இல் அங்கே ஆலையும் தொழிலாளர் குடியிருப்பும் எழுந்தன. அந்தக் குடியிருப்பில் தீண்டாமைக்கு இடமில்லை என்று அவர் விதித்திருந்தார்.